புகை ஏறிய வெள்ளைக்கல்

இராமேசுவரத்துக்கு யாத்திரை போய் வந்தவர்களுக்கு, தொட்டி நீரில் மிதக்கும் கல்லைக் காட்டிச் சேதுபந்தனத்தின் மகிமையைச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டென்பது தெரிந்திருக்கும். ஆனால் துருக்கி தேசத்தின் அனடோலியப் பீடபூமியில், எஸ்கிஷெஹிர் என்னும் நகரைச் சூழ்ந்த நிலப்பரப்பில், புராண சம்பந்தம் எதுவும் இல்லாமலே, நன்றாக உலர்ந்தபின் நீரில் மிதக்கக்கூடிய வெள்ளைக்கல் ஒன்று நெடுங்காலமாகத் தோண்டி எடுக்கப்பட்டு வருகிறதென்பதும், அந்தக் கல் ஐரோப்பியப் பிரபுக்களின் வாயில் புகைக்குழாயாக அமர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ராஜபோகம் அனுபவித்ததென்பதும் நம்மவரில் அநேகருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜெர்மானியர் அதை மீர்ஷாம் என்றார்கள். கடல்நுரை என்று பொருள். கனிம சாஸ்திரிகள் 1847 முதல் செபியோலைட் என்கிறார்கள். மக்னீசியமும் சிலிக்காவும் நீரும் கூடிய பொருள். கண்ணுக்குப் புலப்படாத நாரிழைகள் திசையின்றிப் பின்னிக் கிடக்க, இழைகளுக்கிடையே எண்ணிறந்த நுண்துளைகள் காற்றை அடக்கிக்கொண்டிருப்பதால், உருவத்துக்குப் பொருந்தாத லேசும், ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும் தாகமும் அதற்கு இயல்பாயின. நகத்தால் கீறினால் கோடு விழும்; நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கல்லுக்கு நம் நாட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. சேலம் நகரை அடுத்துள்ள குன்றுகளில், தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பைக் கொட்டிவைத்தாற்போல் வெளுத்துத் தோன்றும் மாக்னசைட்டை அவ்வூர் மக்கள் வெள்ளைக்கல் என்றே வழங்குகிறார்கள். பூமியின் ஆழத்திலிருந்து வந்த மக்னீசியம் மிகுந்த பாறைகள் காலகதியில் சிதைந்து மாறுபட்டதன் விளைவே சேலத்து மாக்னசைட்டும்; எஸ்கிஷெஹிரில் அத்தகைய மாறுதல் இன்னும் ஒரு படி மேலே சென்று, சிலிக்கா கலந்த நீரின் சேர்க்கையால் மீர்ஷாம் ஆயிற்று. உறவு நெருக்கமானாலும் விதி வேறு. சேலத்து வெள்ளைக்கல் சூளையில் வெந்து, உருக்காலைகளின் உலைகளுக்கு உட்சுவராகும் செங்கல்லாகப் போய்ச் சேர்ந்தது. அதன் துருக்கிய உறவினருக்கோ உலையின் வெப்பம் கிடைக்கவில்லை, ஒரு சிட்டிகைப் புகையிலையின் கணப்பு மட்டுமே கிடைத்தது. இரண்டில் எது பாக்கியசாலி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

எஸ்கிஷெஹிர்ச் சுரங்கத் தொழிலாளிகள் கிணறுபோல் நேர்கீழாகக் குழி தோண்டி, பிறகு பக்கவாட்டில் குறுகிய வளைகளை வெட்டி, விளக்கொளியில் தவழ்ந்து சென்று, மண்ணோடு மண்ணாகப் புதைந்து கிடக்கும் கட்டிகளைத் தேடி எடுப்பார்கள். பாறைபோல் தொடர்ந்து கிடைப்பதன்று அது. தனித்தனி முண்டுகளாக, பெரும்பாலும் கைக்குள் அடங்கும் அளவிலேதான் அகப்படும். வெளியே வந்தபோது ஈரமாகவும் மிருதுவாகவும் இருப்பதால், மேல்மண்ணைச் சுரண்டி எறிந்து, அந்த ஈரம் போகுமுன் கத்தியால் செதுக்குவது எளிது. உலர்ந்த கட்டியையும் மறுபடி நீரில் ஊறவைத்து இளக்கிக்கொள்ளலாம். தரம் பிரித்து, பஞ்சு வைத்த பெட்டிகளில் அடுக்கி, வியாபாரிகள் அதை ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு அனுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீர்ஷாமுக்குத் தலைநகரமும் வியன்னாவேயாயிற்று. சிங்கத்தலை, துருக்கியத் தலைப்பாகை, வேட்டை நாய், ஆடையவிழ்ந்த தேவமாதர் என்று அங்கேயிருந்த சிற்பிகள் செதுக்காத உருவமில்லை. பால்டிக் கடற்கரையின் அம்பரைக் கடைந்து வாய்முனையாகப் பொருத்தி, பட்டுத் துணி தைத்த தோலுறையில் வைத்து விற்ற அந்தக் குழாய்களிற் சில, புகைக்கவும் மனம் வராத அளவுக்கு வேலைப்பாடு மிகுந்தவை. அழகென்று ஒப்புக்கொள்ளலாம், அடக்கமென்று சொல்ல முடியாது.

இக்கல்லை முதன்முதலில் குழாயாக்கியவன் யார் என்பதற்கு ஓர் ஐதிகம் வழங்குகிறது. 1723ஆம் ஆண்டு ஹங்கேரியப் பிரபுவான ஆண்ட்ராஷி என்பவர் துருக்கியிலிருந்து கொண்டுவந்த கட்டியொன்றை, புகைக்குழாய் செதுக்குவதில் கைதேர்ந்த கரோல் கோவாச் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்தாராம். அவன் பிரபுவுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக இரண்டு குழாய் செய்துகொண்டானாம். செருப்புத் தைக்கும் நூலுக்கு இடும் மெழுகு அவன் விரலிலிருந்து தன் குழாயில் ஒட்டிய இடங்கள் மட்டும், புகைக்கப் புகைக்கப் பொன்னிறமாகி மின்னக் கண்டு, முழுவதையும் மெழுகில் தோய்த்துப் புகைத்தானாம். சரித்திர ஆராய்ச்சியாளர் இக்கதையை நம்புவதில்லை. ஆயினும் கட்டுக்கதை கட்டினவன் விஷயம் அறிந்தவன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனெனில் மீர்ஷாமின் நிறத்துக்கு மூலகாரணம் புகையிலை மட்டுமன்று, மெழுகும் சேர்ந்ததுதான் என்ற தொழில் ரகசியம் அந்தச் சிறு கதைக்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது.

அந்த ரகசியத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செதுக்கி உலர்த்திய குழாயை உருகிய தேன்மெழுகிலோ கொழுப்பிலோ தோய்த்து எடுத்து மெருகிட்டால், மேற்புறத்து நுண்துளைகளில் மெழுகு தங்கிவிடுகிறது. புகைக்கும்போது கிண்ணத்தின் உட்சுவர் வழியாகப் புகையிலையின் எண்ணெய்ச் சாரமும் ஈரமும் ஊறி வெளிநோக்கி வருகின்றன. 62 முதல் 64 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும் தேன்மெழுகும் அந்தச் சூட்டில் இளகி உள்ளும் புறமும் நகர்ந்து, அச்சாரத்தைத் தன்னோடு பிடித்துவைக்கிறது. கிண்ணத்தின் அடியிலும் கழுத்திலும் முதலில் வெளிர் மஞ்சள் தோன்றும். மாதக்கணக்கில் அது சந்தன நிறமாகி, பிறகு தேன் நிறமாகி, வருஷங்கள் கழிந்தபின் செம்பழுப்பாகி, மிகவும் பழகிய குழாய்களில் முற்றிய புளியின் கருஞ்சிவப்பையே எட்டிவிடும். எரியும் புகையிலைக்கு அருகே இருந்தும் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் கடைசிவரையில் வெளுப்பாகவே நிற்பதற்குக் காரணம், அங்கே சூடு மிகுந்து மெழுகு தங்காமல் விலகிவிடுவதுதான். விளிம்பு கருகாமலிருக்க, மேலே வேறொரு சிறு கிண்ணத்தைச் செருகி அதில் புகையிலை இட்டுப் புகைத்தவர்களும் உண்டு.

இந்த நிற மாற்றம் திட்டுத்திட்டாக விழாமல் சீராகப் படிய வேண்டுமென்ற ஆசைதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் ஓர் ஆசார அனுஷ்டானத்தையே தோற்றுவித்தது. சூடான குழாயை வெறுங்கையால் தொடலாகாது. தொட்டால் இளகிய மெழுகில் விரற்பதிவு விழுவதோடு, கையின் எண்ணெயும் அழுக்கும் ஏறித் தடம் நிரந்தரமாகும். ஆகவே வாய்முனையைப் பிடித்தே புகைப்பார்கள். அல்லது மான்தோல் உறையிட்டு, கையுறையணிந்து தொடுவார்கள். அவசரமாக இழுத்தால் கல் கொதித்து நிறம் கெடும்; மெல்ல, ஒரே சீராக இழுக்க வேண்டும். குளிர்காற்றுப் படக்கூடாது. ஒரு முறை புகைத்தபின் ஆறி உலர அவகாசம் தர வேண்டும். சூடு தணியுமுன் வாய்முனையைத் திருகிக் கழற்றினால் கழுத்து உடையும். சாம்பலைத் தட்டி உதிர்ப்பது மகாபாதகம். சிறு கரண்டியால் எடுக்க வேண்டும். பிரையர் என்னும் வேர்க்கட்டைக் குழாயில் உட்சுவரில் கரி படிவதை விரும்பி வளர்ப்பார்கள். மீர்ஷாமில் அப்படிப் படியவிட்டால் கரி சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும், மேலும் கல்லின் துளைகள் அடைபட்டு நிறம் ஏறுவதும் நின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் உட்புறத்தைத் துணியாலோ காகிதத்தாலோ துடைத்துவிட வேண்டும். இத்தனை விதிவிலக்குகளையும் வாசிக்கும்போது, புகைப்பவனுக்காகக் குழாயா, குழாய்க்காகப் புகைப்பவனா என்ற சந்தேகம் எழுவது இயற்கையே.

அந்தச் சந்தேகத்தை ஆங்கிலேயரே கேலிக்கதையாக்கி வைத்திருக்கிறார்கள். குழாயின் நிறம் பூரணமாக வேண்டுமானால் அதை ஒருபோதும் ஆறவிடக் கூடாது என்று யாரோ சொல்லக் கேட்ட தனவந்தர் ஒருவர், புதுக்குழாயைத் துணியால் நன்றாகச் சுற்றி, அரண்மனைக் காவற்படைச் சிப்பாய்களிடம் ஒப்படைத்து, ஒருவன் வாயிலிருந்து மற்றொருவன் வாய்க்கு மாறி மாறி இரவும் பகலும் அணையாமல் புகைக்க ஏற்பாடு செய்தாராம். மாதங்கள் ஏழு கழிந்தன. புகையிலைக்கும் பீருக்குமான கணக்கு நூறு பவுனைத் தாண்டியது. அந்தத் தொகையைச் செலுத்திவிட்டு, ஆவலோடு துணிச்சுற்றை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருந்தது மீர்ஷாமே அன்று. செம்மண்ணால் செய்த குழாய்! நடந்ததோ இல்லையோ, அக்கதைக்குச் சிரித்த தலைமுறையினர் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படியொரு பைத்தியம் ஒன்றாவது இருந்திருக்கும். நிறத்துக்கு விலை இருந்ததால், அதைக் குறுக்கு வழியில் உண்டாக்கவும் ஆள் இருந்தார்கள். புதுக்குழாயைச் சாயமேற்றிய மெழுகிலும் எண்ணெயிலும் காய்ச்சி, பத்தாண்டு புகைத்தாற்போல் பழுக்கவைத்து விற்றார்கள். செதுக்கும்போது உதிரும் தூளையும் சிம்புகளையும் பசையிட்டு அழுத்திப் பெட்டியில் வார்த்த போலிக் கல்லும் சந்தைக்கு வந்தது; ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியிலுள்ள ரூலா என்னும் ஊர் அவ்வகைப் போலிகளுக்குப் பேர்போனது.

நான் இருக்கும் திருமுல்லைவாயில், கல்லைக் காப்பதென்றால் என்னவென்று அறியாத ஊரன்று. தொண்டைமான் என்னும் அரசன் குறும்பரோடு போர் புரியச் செல்கையில், யானையின் கால்களைப் பின்னிய முல்லைக்கொடியை வாளால் வெட்ட, உள்ளிருந்த சிவலிங்கத்தின்மேல் வாள் பட்டு ரத்தம் பெருகியதென்பது தலபுராணம். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந்தூண்கள் மாசிலாமணீசுவரர் சந்நிதியில் இன்றும் நிற்கின்றன. வெட்டுண்ட திருமேனி நோகாதிருக்கும்பொருட்டு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிட்டு வைத்து, சித்திரைச் சதயத்தில் மட்டும் அதைக் களைந்து புதிது சாத்துகிறார்கள். தெய்வ சமாசாரத்தையும் புகைக்குழாயையும் ஒரே தராசில் நிறுக்க நான் துணியேன். ஆனால், தொடாமலும் உரசாமலும் ஒரு கல்லைப் பேணுவதில் மனிதன் காட்டும் சிரத்தை இத்தகையது என்பதை அன்றாடம் கண்டு பழகிய ஊரிலிருந்துகொண்டு வியன்னாக்காரரைப் பைத்தியக்காரர் என்று சிரிப்பதற்கும் எனக்கு வாய் வரவில்லை. வேற்றுமை ஒன்றுண்டு, இங்கே பேணுவது கல்லின்பொருட்டு, அங்கே பேணியது பேணுகிறவனின் பெருமைக்காக.

அவ்வளவு பெருமை தேடிக்கொடுத்த பொருள் ஆங்கிலேயரோடு கப்பலேறி வந்தும் நம் நாட்டில் ஏன் வேரூன்றவில்லை என்பதுதான் எனக்கு விசாரிக்கத் தக்கதாகப் படுகிறது. புகையிலை நமக்கு அவர்களால் வந்ததன்று, போர்த்துகீசியரால் வந்தது. பீஜப்பூரில் அதைக் கண்ட அஸத் பேக் என்ற மொகலாய அதிகாரி, 1605ஐ ஒட்டி, ரத்தினமிழைத்த குழாயோடு அக்பர் சபைக்குக் கொண்டுபோனதும், வைத்தியர்கள் ஆட்சேபித்ததும், 1617இல் ஜஹாங்கீர் அதைத் தடுத்ததும், தடை பயன்படாமற்போனதும் பிரசித்தமானவை. தமிழ்நாட்டில் அது எவ்வளவு விரைவில் உறவாயிற்றென்பதற்கு, சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் தூதனுப்பத் தென்றலையும் கிளியையும் விட்டுப் புகையிலையையே தேர்ந்துகொண்டது ஒன்றே போதிய சாட்சி, உ.வே. சாமிநாதையர் அந்தத் தூது நூலைப் பதிப்பித்திராவிட்டால் இதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். குழாயும் நாம் அறியாததன்று. சுங்கான் என்ற பெயரில் மண்ணாலான சிறு குழாய் இங்கே புழங்கியது. உக்காவை நவாபுகளும் கம்பெனி துரைமார்களும், அதைக் கவனிக்கவென்றே தனி வேலையாள் வைத்துக்கொண்டு, நீட்டி முழக்கிப் புகைத்தார்கள். ஆனால் ஊரையும் பேரையும் உலகுக்குச் சொன்னது சுருட்டுதான். திண்டுக்கல் புகையிலையும் உறையூர்க் கைகளும் சேர்ந்து திருச்சிராப்பள்ளிச் சுருட்டை உண்டாக்கின. மவுண்ட் ரோட்டில் பெருமாளிகை கொண்டிருந்த ஸ்பென்ஸர் கம்பெனியே திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது.

மீர்ஷாம் குழாயில் நிறம் ஏற்றுவதற்கு வேண்டிய முதல் புகையிலையன்று, ஓய்வு. மாலை முழுவதும் நாற்காலியில் சாய்ந்து, பல ஆண்டுகள் அதே நாற்காலியில் சாய்ந்தால்தான் அந்தக் கல் பொன்னாகும். வயலில் ஏர் நிற்கிற சிறு இடைவெளியில் மடியிலிருந்து சுருட்டை எடுத்துப் பற்றவைத்து, பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டு மறுபடி கலப்பையைப் பிடிக்கிறவனுக்கு அந்த முதல் ஏது? சுருட்டுக்குப் பராமரிப்பில்லை, உறையில்லை, உடைந்துபோகுமென்ற கவலையில்லை. அதுவே குழாய், அதுவே புகையிலை. எரிந்து தீர்ந்தால் சாம்பல். பிள்ளைக்கு விட்டுப்போக ஒன்றுமில்லை. நம் சீதோஷ்ணமும் மீர்ஷாமுக்கு உகந்ததன்று என்றே எண்ணுகிறேன். சித்திரை வெயிலில் மெழுகு கையிலேயே இளகும். ஐப்பசி மழையில் அந்தத் தாகம் கொண்ட கல் காற்றின் ஈரத்தையெல்லாம் குடிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாம்பலுக்குக் கிடைத்த இலக்கியப் புகழ் பொன்னிறக் கல்லுக்குக் கிடைக்கவில்லை. 1887இல் வெளிவந்த ஆர்தர் கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையின் தரையிலிருந்த சாம்பலைப் பார்த்த மாத்திரத்தில் அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். 1890இல் வந்த இரண்டாம் கதையிலும் அதன் கருஞ்சாம்பலைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் இன்று ஹோம்ஸ் என்றதும் எல்லோர் மனத்திலும் எழுகிற உருவம், சுரைக்குடுக்கையைக் கழுத்தாக வளைத்து, அதன் வாயில் வெள்ளை மீர்ஷாம் கிண்ணம் பொருத்திய பெரிய குழாயைப் பற்றியிருப்பதே. டாயில் தம் கதாநாயகனுக்குக் கொடுத்தவை களிமண் குழாய், பிரையர் குழாய், செர்ரிமரக் குழாய் ஆகியவை. மீர்ஷாமை அவர் கையில் கொடுக்கவேயில்லை. வில்லியம் ஜில்லெட் என்ற நடிகர் 1899 முதல் மேடையில் ஹோம்ஸாக வேஷமிட்டு வளைந்த குழாயொன்றைக் கையாண்டதும், பின்வந்த நடிகர்களும் சித்திரக்காரர்களும் அதை வளர்த்ததுமே இந்தப் பிரமைக்குக் காரணம். எழுத்தில் இருந்த திருச்சிராப்பள்ளியை உலகம் மறந்துவிட்டு, எழுத்தில் இல்லாத வெள்ளைக் கிண்ணத்தை நினைவில் வைத்துக்கொண்டது.

மீர்ஷாமின் வீழ்ச்சியை விரைவாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஸான் க்ளோத் ஊரார் பிரையர் வேரில் குழாய் கடையத் தொடங்கினார்கள். கீழே விழுந்தாலும் உடையாது, யார் தொட்டாலும் கோபிக்காது, விலையும் குறைவு. கிரிமிய யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சிகரெட்டைக் கொண்டுவந்தார்கள். 1881இல் காப்புரிமை பெற்ற, சிகரெட் சுற்றும் பான்ஸக் இயந்திரம் அதை மலிவாக்கியது. முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகளில் அதுவே அரசோச்சியது. இரண்டாம் யுத்தத்தில் எங்கள் பக்கத்து ஆவடி இராணுவத் தளமானபோது, இங்கே வந்திறங்கியவர்களில் பைப் பிடித்த அதிகாரிகள் சிலர் இருந்திருக்கக்கூடும். ஆனால் மான்தோல் உறையும் பட்டுப் பெட்டியுமாகப் போர்க்களம் போவதற்கு எவனும் துணிந்திருக்கமாட்டான். 1950களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் அம்போசெலிப் பகுதியில் மீர்ஷாம் அகப்பட்டு, அருஷா நகரில் கிகோ என்ற பெயரில் குழாய்கள் செய்தார்கள். தரத்தில் துருக்கியக் கல்லுக்கு இணையில்லை என்பதால் பெரும்பாலும் தோல் போர்த்தியே விற்றார்கள். வியன்னாவின் பட்டறைகள் மங்கின. பின்னர் துருக்கி அரசாங்கம் செதுக்காத கல்லை ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டதால், கலை தன் பிறந்த வீட்டுக்கே திரும்பிற்று. இன்று பெயர்போன செதுக்குச் சிற்பிகள் எஸ்கிஷெஹிர்க்காரர்களே.

புகையிலையின் கேடு இன்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைப்பது நம் தேசத்தில் சட்டப்படி குற்றம். ஆகவே இனிமேல் குழாய்க்கு நிறம் ஏற்றும்படி யாருக்கும் நான் சிபாரிசு செய்யப்போவதில்லை. ஆனால் பழைய பெட்டியைக் கிளறுகையில் தாத்தாவின் காலத்து மீர்ஷாம் குழாயொன்று அகப்படுமானால், ஏறிய நிறத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றுதான் சொல்வேன். அழுக்கென்று எண்ணிச் சோப்பு நீரில் அமிழ்த்தலாகாது, கல் மிருதுவாகிக் கீறல் விழும்; ஸ்பிரிட்டால் துடைத்தால் வருஷக்கணக்கில் சேர்ந்த நிறம் துணியோடு போய்விடும். இலேசாக நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் மேற்புறத்தை ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிடுக. உட்சுவரில் கரி தடித்திருந்தால் கத்தியால் குடையாமல், நுண்ணிய உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுக்கலாம். வாய்முனை அம்பராயிருந்தால் அதை வலிந்து திருகவே கூடாது; கண்ணாடியைப்போல் நொறுங்கும். மெருகு மங்கியிருந்தால், வெளுத்த தேன்மெழுகை உருக்கி, மெல்லச் சூடேற்றிய கிண்ணத்தின்மேல் பஞ்சால் மிக மெல்லிதாகத் தடவி, ஆறினபின் பழந்துணியால் தேய்க்க வேண்டும். கையுறை இல்லையானால், கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டையாவது வைத்துப் பிடிப்பது நல்லது.